பொயிலருக்கு என்று சொன்ன மூடி

கலியாணத்துக்கு முன் என் மனைவி வைத்தது ஒரே ஒரு நிபந்தனை. மன்னாரிலிருந்து தொலைபேசியில் கேட்டாள்: "துவக்கோட உங்களுக்கு ஒரு சங்காத்தமும் இல்லைத்தானே?" அவளுடைய தம்பியை வீட்டுக்கு அருகிலேயே சுட்டுப் போட்டிருந்தார்கள். முதலில் ஓடிப்போய்த் தூக்கியவள் அவள்தான். "மொன்றியலில துவக்கைக் கண்ணாலயும் காணேலாது" என்று நான் வீறாப்பாகச் சொன்னேன். அந்த வாக்கு ஆறு வருஷம் தாக்குப்பிடித்தது.

நான் ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு சின்ன லேத் பட்டறையில் வேலை செய்தேன். காலையில் மஞ்சள் பாதை மெட்ரோவில் ஆற்றுக்குக் கீழால் போய், பின்னேரம் அதே வழியால் திரும்புவேன். முதலாளி அறுபதைத் தாண்டிய கியூபெக்காரர். நல்ல மனிதர், வாய்தான் ஓயாது. ஊரில் யுத்த நிறுத்தம் என்று செய்தி வந்துகொண்டிருந்த அந்த வருஷத்தில், ஒருநாள் நீளமான இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது.

அது அவருடைய பழைய அமெரிக்கப் பட்டாளத் துவக்கின் கம்பி. இரண்டாம் உலக யுத்தத்தில் பாவித்த வகை. அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருந்தார், கிளப்புக்குப் போய்க் கடதாசி இலக்கில் சுடுவார். அந்தத் துவக்கு ஒரு வெடியின் வாயுவைக் கொண்டே அடுத்த வெடிக்குத் தன்னை ஆயத்தம் செய்துகொள்ளும். குழலின் நுனிக்குக் கிட்ட ஒரு சிறு துளை. அதன் வழியால் இறங்கும் வாயு கம்பியைப் பின்னுக்குத் தள்ள, கம்பி சுட்ட ரவையின் வெற்றுக்கோதை வெளியே எறிந்து அடுத்த ரவையை ஏற்றும். எல்லாம் பட்டாள ரவைக்கென்று அளந்து செய்தது. இவரோ மான் வேட்டைக்காரர் வாங்குகிற பாரமான ரவையைப் போட்டிருக்கிறார். அதன் வெடிமருந்து மெல்ல எரிவது. நுனிக்கு வந்த பிறகும் அமுக்கம் அடங்காது. கம்பி எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்?

"வாயுவில் கொஞ்சத்தை வெளியே விட வேண்டும். வாயு இறங்கும் இடத்தின் முன்பக்க மூடியில் ஒரு துளை, அதைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகாணி. உன்னால் முடியுமா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் கோபித்திருக்கவும் மாட்டார். ஆனால் எனக்கு ஒரு வியாதி. உன்னால் முடியுமா என்று யாராவது கேட்டுவிட்டால் புத்தி கழன்றுபோகும்.

முதல் மூடியைப் பிசிறு எடுக்க வீட்டுக்கே கொண்டுவந்தேன். குசினி மேசையில் அரத்தோடு இருந்தபோது மனைவி கேட்டாள்.

"என்ன சாமான் அது?"

"பொயிலருக்கு. அமுக்கம் கூடினா வெடிக்காமல் வெளியில விடுறது."

"குக்கரில இருக்கிற மாதிரியோ?"

"ஓம், அதே மாதிரித்தான்."

முக்கால்வாசி உண்மை என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவள் அதை நம்பியதோடு நிற்கவில்லை. மாதா கோயில் பூசைக்கு வருகிறவர்களிடமெல்லாம், வெடிக்க இருக்கிற பொயிலர்களைத் தன் அவர் காப்பாற்றுவதாகப் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள். எனக்கு முதுகு கூசியது.

அந்த மூடி பிழையாகப் போனது. கூடுதலாக வெளியேறினால் இன்னும் நல்லதுதானே என்று துளையைப் பெரிதாகப் போட்டுவிட்டேன். திருகாணியை எவ்வளவு இறுக்கியும் வாயு நிற்கவில்லை; துவக்கு அடுத்த ரவையை ஏற்ற மறுத்தது. முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டாவதைச் செய்தபோது, பரீட்சிக்க என்னையும் கிளப்புக்குக் கூட்டிப்போனார்.

திருகாணியை முழுக்கத் திறந்துவிட்டு அவர் ஒரு ரவை சுட்டார். கோது உள்ளேயே கிடந்தது. கையால் எடுத்துப்போட்டு, கால் சுற்று இறுக்கி, இன்னொன்று. மறுபடியும் கால் சுற்று. ஐந்தாவது தடவை கோது பாதி வெளியே வந்து சிக்கிக்கொண்டது. ஆறாவது தடவை சாவகாசமாக எழும்பி என் காலடியில் விழுந்தது. நான் கைதட்டினேன்.

மெட்ரோவில் வரும்போதுதான் உறைத்தது. முதல் வெடிக்கு மட்டும் என் தோள் துள்ளியது. அதன் பிறகு நான் திருகாணிச் சுற்றுகளை எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஊரில் இந்தச் சத்தத்துக்கு நிலத்தோடு ஒட்டிக் கிடந்தவன் நான். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில், கடைசிக் கோதைப் பொறுக்கி ஜாக்கெட் பையில் போட்டதை மறந்தே போனேன்.

அடுத்த சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தையிலிருந்து மரக்கறியோடு வந்தேன். உடுப்புத் தோய்க்க எடுத்திருந்த என் ஜாக்கெட் கதிரையில் கிடந்தது. மேசை நடுவில் அந்தப் பித்தளைக் கோது நிமிர்ந்து நின்றது.

"இது பொயிலர் இல்லை" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி, வளைந்த கம்பி, துளை, திருகாணி. கிளப்பில் இன்னும் நாலு பேர் இதே மூடியைக் கேட்டிருந்ததையும் மறைக்கவில்லை. அமுக்கம் கூடினால் ஆபத்து, அதைத்தான் குறைத்துக் கொடுத்தேன் என்று முடித்தேன்.

"அப்ப அது ஆரைக் காப்பாத்துது? ஆளையோ, துவக்கையோ?"

ஆளை என்று சொல்ல வாய் திறந்தேன். முதலாளி ஒருநாளும் தன் முகத்தைப் பற்றியோ கையைப் பற்றியோ கவலைப்பட்டதில்லை. அந்தக் கம்பி இனிக் கிடையாது, கிடைக்காது என்றுதான் புலம்பினார்.

"துவக்கைத்தான்" என்றேன்.

அவள் கோதை எடுத்துத் தன் சுண்டுவிரலோடு சேர்த்துப் பிடித்தாள்.

"இது நீளம். தம்பிக்குப் பக்கத்தில கிடந்தது கட்டை."

ஆறு வருஷத்தில் இதை அவள் எனக்குச் சொன்னதில்லை. கோதுகளின் அளவு தெரிந்தவன் நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"திங்கட்கிழமை சொல்லுறன், இனிச் செய்யேலாதெண்டு. வேலை போனாப் போகட்டும்."

அவள் மரக்கறிப் பையை எடுத்து உள்ளே வைத்தாள்.

மறுநாள் பூசை முடிந்து வாசலில் நின்றோம். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கிட்ட வந்து, "உங்கட அவர் பொயிலர் வெடிக்காமல் ஏதோ செய்யிறாராமே, எங்கட மருமோனுக்கும் அங்க ஒரு வேலை பாக்கேலாதோ?" என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். என் மனைவி பொய் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஓம் அம்மா, பொயிலருக்குத்தான்" என்றாள் அவள். "ஆனா அந்த வேலை இப்ப முடிஞ்சுது."