நின்ற இடத்தில் ஓடிய வண்டி

அந்த யோசனை எனக்கு வந்தது திருவொற்றியூரில் ஒரு குடோன் வாசலில், கையில் பாதி தின்ற சமோசாவோடு. அக்காவின் பிக்கப் வண்டி லோடு இறக்க வரிசையில் நின்றிருந்தது. அன்று எனக்கு வார விடுமுறை என்பதால் துணைக்குப் போயிருந்தேன். எங்கள் முறை வர நேரமிருந்தது. இறங்கிப் போய், பெட்டிகளைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்த ஃபோர்க்லிஃப்டை வேடிக்கை பார்த்தேன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்ததிலிருந்து எனக்கு இந்த வியாதி. இன்ஜின் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஸ்டியரிங் பக்கத்தில் சின்னதாக ஒரு மீட்டர் இருந்தது. இது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கும் என்று ஓட்டுகிற அண்ணனிடம் கேட்டேன்.

"இதுக்கு ஏது கிலோமீட்டரு தங்கச்சி? இந்த குடோன வுட்டு வெளிய போனதே இல்ல. மணிக்கணக்குதான். இன்ஜின் எத்தினி மணி நேரம் ஓடிச்சோ, அத பாத்து ஆயிலு மாத்துவாங்க."

திரும்பிப் பார்த்தேன். எங்கள் வண்டி உறுமிக்கொண்டே அதே இடத்தில் நின்றிருந்தது. உள்ளே அக்கா ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். வந்து சேர்ந்ததிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் ஓர் இலக்கம்கூட மாறியிருக்காது. ஆனால் இன்ஜின் ஒரு நிமிடம்கூட ஓய்வெடுக்கவில்லை. அப்படியென்றால் எங்களுடையதும் பாதி ஃபோர்க்லிஃப்ட்தானே?

இதில் இவ்வளவு பரபரப்பு எதற்கு என்று தோன்றலாம். வண்டியை விற்றுவிடுவது என்று அக்கா அந்த வாரம்தான் முடிவு செய்திருந்தாள். வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவள், கடன் வாங்கி இந்த வண்டியை எடுத்தாள். விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து மீன் பெட்டி, அதன் பிறகு எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு என்ன லோடு கிடைத்தாலும் அது. மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியாகிவிட்டது. கடன் தவணையும் முடிந்துவிட்டது. ஆனால் பேங்குக்குப் போன பணம் இப்போது அப்படியே மெக்கானிக் ஷெட்டுக்குப் போனது. ஒரே வருடத்தில் இரண்டு தடவை கிளட்ச் பிளேட். நடுவில் டர்போ வேறு போனது. அது ஒரு மாதச் சம்பாத்தியத்தை மொத்தமாக விழுங்கிக்கொண்டது. அடுத்து எஃப்சி வருகிறது. தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டுவதற்கு முன்னால் கொடுத்துவிட்டு, பழைய கடைக்கே திரும்பிப் போய்விடலாம் என்று சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அந்தச் சாதாரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நாங்கள் வண்டியைப் பார்த்துக்கொள்ளாதவர்களும் இல்லை. அடுத்த ஆயில் எத்தனையாவது கிலோமீட்டரில் என்று எழுதிய ஸ்டிக்கர் கதவிலேயே இருக்கிறது. அதைத் தாண்டவே மாட்டாள். ஆனால் எங்கள் ஊரில் சாலை என்பதே கன்டெய்னர் லாரி வரிசைதான். எர்ணாவூரில் மாட்டினால் அரை கிளட்சில் ஊர்ந்து ஊர்ந்து போக வேண்டும். யாரும் இன்ஜினை அணைக்க மாட்டார்கள். முன்வண்டி நகர்ந்து, நாம் சாவியைத் திருகுவதற்குள் இடது பக்கத்திலிருந்து எவனாவது மூக்கை நுழைத்துவிடுவான்.

மறுநாளே தண்டையார்பேட்டை ஷெட்டுக்கு ஓடினேன். எங்கள் வண்டியை முதல் சர்வீஸிலிருந்து பார்க்கிற மெக்கானிக் அண்ணன் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "ஏம்மா, வண்டிக்கு வாச்சி கட்டப் போறியா?" என்றார். ஷெட்டே சிரித்தது. ஆனாலும் உடைத்துப் போட்டிருந்த ஒரு ஜெனரேட்டரிலிருந்து, இன்ஜின் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் ஹவர் மீட்டரைக் கழற்றி என் கையில் வைத்தார். காசு கேட்கவில்லை. ஓடாவிட்டால் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடு என்று மட்டும் சொன்னார்.

ஆர்வக் கோளாறில் சாவி லைனில் இணைத்துவிட்டேன். அக்கா இன்ஜினை அணைத்துவிட்டு எஃப்எம் கேட்டாலும் மீட்டர் ஓடியது. பாட்டு கேட்டாலும் இன்ஜின் தேயுமா என்று ஒரு வாரம் கிண்டல் செய்தாள். பிறகு, இன்ஜின் ஓடினால் மட்டும் கரன்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து ஒயர் எடுத்துச் சரிசெய்தேன். அதன் பிறகு மீட்டர் சொன்னதைக் கேட்டு எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. குறைவாகத் தூரம் போன நாட்களில்தான் இன்ஜின் அதிகமாக ஓடியிருந்தது. ஸ்டிக்கரில் இன்னும் ஏகப்பட்ட கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போதே ஆயிலை மாற்றச் சொன்னேன்.

"செலவ கொறைக்கிறேன்னு சொல்லிட்டு, செலவு வெச்சிகினே கீறியேடி" என்றாள் அக்கா. ஆயில் கெட்டதால்தான் டர்போ போனது, அந்த விலைக்கு எத்தனை ஆயில் டப்பா வாங்கலாம் என்று படபடவென்று ஒப்பித்தேன். கேட்டாளோ இல்லையோ, மாற்றினாள். அதற்கு நான் அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். அவள் வண்டி, அவள் காசு. என் கையில் இருந்தது ஒரு யோசனை மட்டும்தான்.

உண்மையான மாற்றம் நான் நினைத்தே பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. கண்ணெதிரே மீட்டர் ஓடுவதை அக்காவால் பொறுக்க முடியவில்லை. ஆட்டோவில் வெயிட்டிங் சார்ஜ் ஏறுவதைப் பார்ப்பது போல இருந்ததாம். ஒரு நாள் எர்ணாவூர் வரிசையில் துணிந்து அணைத்துவிட்டாள். முன்வண்டி நகர்ந்தது. எங்கள் செல்ஃப் மோட்டார் வழக்கம்போல முரண்டு பிடித்தது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. பின்னால் நின்ற டிரெய்லர் டிரைவர் இறங்கி வந்தபோது, நல்ல திட்டு வாங்கப் போகிறோம் என்றுதான் நினைத்தாளாம். அவரோ லாரியைக் கொஞ்சம் குறுக்கே ஒடித்து நிறுத்தி, வழியை மறித்துவிட்டு வந்திருந்தார்.

"நீ பொறுமையா எடும்மா. எவனும் உள்ள பூர மாட்டான்."

அவரும் இன்னொரு டிரைவருமாகத் தள்ள, வண்டி இரண்டாம் கியரில் உதறிக்கொண்டு கிளம்பியது. அவர் யார், எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. அன்று அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அக்கா திரும்ப இன்ஜினை அணைத்திருக்கவே மாட்டாள்.

மறுநாள் அவளே ஷெட்டுக்குப் போய் செல்ஃப் மோட்டாரைப் பிரித்துச் சரிபார்க்கச் சொல்லி, புது பேட்டரியும் போட்டாள். அந்த வருடம் சந்தோஷமாகச் செய்த ஒரே செலவு அதுதான் என்றாள். இப்போது வரிசையில் நின்றால் அணைத்துவிடுகிறாள். ஊர்வதும் இல்லை, முன்னால் நல்ல இடைவெளி விழுந்த பிறகு ஒரே மூச்சில் எடுக்கிறாள். தினமும் பார்க்கிற டிரைவர்கள் சிலரும் அணைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். யாராவது கண் அசந்துவிட்டால் பின்னால் இருப்பவர் ஹாரனை லேசாக ஒரு தட்டு தட்டுகிறார். திட்டு இல்லாத ஹாரனை எர்ணாவூரில் நான் கேட்டது அப்போதுதான். டீசல் கூடுதல் நாளைக்கு வருகிறது. கிளட்சை அதன் பிறகு யாரும் பிரிக்கவில்லை.

இதற்கிடையில், விற்பதற்காக அக்கா முன்பே சொல்லி வைத்திருந்த ஆள் போன வாரம் வண்டி பார்க்க வந்தார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு அடியில் படுத்து, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் வருடக்கணக்காகச் செய்த வேலை. இந்த நிலையில் எஃப்சி கிடைக்காது என்று சொல்லி விலையைப் பாதியாக்கினார். அவர் சொன்னது பொய்யும் இல்லை.

அக்கா குனிந்து, உதிர்ந்த துருவை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நா விக்கலண்ணா. எஃப்சி எடுத்து நானே ஓட்டிக்கிறேன்" என்றாள். அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். "வாச்சி கட்டினல்ல? அடியில இம்மாந் துரு கீதே, இதுக்கு இன்னா பண்ணப் போற?"

துருவைக் காட்டிக் கொடுத்ததற்காக அந்த ஆளுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். நானாக எட்டிப் பார்த்திருக்க மாட்டேன். இந்த ஞாயிறு கோயில் பூசை முடிந்ததும் ஷெட்டின் ஒரு மூலையை எங்களுக்கு விட்டுத் தருவதாக மெக்கானிக் அண்ணன் சொல்லியிருக்கிறார். பின்பக்கப் பாடியின் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கிவிட்டு, சேசிஸைச் சுரண்ட வேண்டும். இற்றுப்போன இடங்களில் அண்ணன் இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடிப்பார். பிரைமரும் பெயின்ட்டும் அக்காவும் நானும். அதோடு இன்னொன்றும் செய்து பார்க்கப் போகிறேன்: பாடியின் தரையில் சரிவாகத் தகடு போட்டு, மீன் தண்ணீர் முழுக்க ஒரே குழாய் வழியாக, சேசிஸில் படாமல் பின்னால் போய் விழும்படி. பிரேக் போட்டால் தண்ணீர் முன்பக்கமாக வந்து நிற்குமா, மீன் செதில் போய்க் குழாயை அடைக்குமா என்பதெல்லாம் ஐஸ் பெட்டியை ஏற்றி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அடைத்தால் இன்னும் பெரிய குழாயாகப் போட்டுக்கொள்ளலாம்.