‘சாமா லா’ என்று சொல்லிவிட்டேன்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, கிள்ளானில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மகள் அப்போது கோலாலம்பூரில் கல்லூரி இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸில் அவள் தாய்மாமன் வீட்டுக்குப் போய், அங்கேதான் தன் ஆய்வறிக்கையை டைப் செய்வாள். என் மைத்துனர் தன் கணினிக்குக் கூடுதல் மெமரி போட்டிருந்தார்.

“மாமா வீட்டுல டக்குனு திறக்குதுப்பா. நம்மளோடத தட்டிவிட்டுட்டு, அது திறக்குறதுக்குள்ள கடையில மீ கோரேங் சாப்பிட்டு வந்துறலாம்” என்று சிரிப்பாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மாமா, மாமா என்னும்போதெல்லாம் வயிறு எரிந்தது. அவளுக்காகவே ஆசையாசையாய் அந்தக் கணினியை வாங்கியவன் நான்.

ஒருநாள் அவளை அழைத்துவரப் போனேன். மைத்துனர் மேசையில் அந்த மெமரியின் பெட்டி கிடந்தது. அவர் காப்பி கலக்க உள்ளே போனதும், பெட்டியில் இருந்த எண்களைத் திருட்டுத்தனமாக டைரியில் எழுதிக்கொண்டேன். அவரிடமே கேட்டிருக்கலாம். மனம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை கடைக்குப் போய், மைத்துனர் போட்டது இது, எனக்கும் இதுவே வேண்டும் என்றேன். கடைக்காரச் சீனர் டைரியைப் பார்த்துவிட்டு, பழைய கணினி என்றால் உள்ளே இருப்பதைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். பிறகு, “சாமா கா, பாஸ்?” என்றார். இரண்டு கணினியும் ஒரே மாதிரிதானா என்று கேட்கிறார். என்னுடையது மைத்துனருடையதைவிடப் பழையது என்று சொல்ல நா எழவில்லை. “சாமா லா” என்றேன்.

மனைவியும் மகளும் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார்கள். வருவதற்குள் முடித்து அவளை அசத்திவிட நினைத்தேன். பழைய மெமரியைக் கழற்றினேன். புதியது அந்த இடத்தைவிட நீளமாக இருந்தது. அழுத்தினால் இறங்கிவிடும் என்று அழுத்தினேன். அதைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி ‘டப்’பென்று உடைந்தது. பழையதைத் திரும்பப் போட்டால் அதுவும் நிற்கவில்லை. திரை இருண்டே கிடந்தது. பீப், பீப் என்ற சத்தம் மட்டும்.

மகள் வந்து பார்த்தாள். “அப்பா, என் ரிப்போர்ட் இதுலதான் இருக்கு. திங்கக்கிழமை கொடுக்கணும்.”

அழவில்லை. நேராகப் போய் மாமாவுக்குப் போன் செய்தாள். அந்த நிலையிலும் எனக்கு அதுதான் முதலில் சுட்டது.

மைத்துனர் தன் கணினியையே காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கள் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அதில் மாட்டினார். அறிக்கை திரையில் வந்தது.

“இது உங்க போர்டுல ஏறாது அத்தான். ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாம்” என்றார். பிறகு மகளைக் காட்டி, “ரிப்போர்ட்ட எங்க வீட்டுலயும் ஒரு காப்பி எடுத்து வைன்னு எத்தன தடவ சொன்னேன். கேட்டாளா? அப்பா வாங்குன கம்ப்யூட்டர்லதான் இருக்கணுமாம். தினம் டிஸ்கெட்ல எடுத்துட்டு ஓடி, இதுல ஏத்துனதும் டிஸ்கெட்ட அழிச்சிருவா” என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தக் குரலில் இருந்த எரிச்சல் எனக்கு நன்றாகப் பழக்கமானது.

பொறாமை என்னை விட்டு முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் யாராவது “சாமா கா?” என்று கேட்டால், அந்த பீப் சத்தம் இன்னும் காதில் விழுகிறது, பதில் சொல்லும் முன் எதையும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்கிறேன்.