சீனச் சுவரில் எடுத்த படங்கள்

சீனச் சுவர் பார்க்கப் போகிறோம் என்று அப்பா சொன்னதை நம்பி, பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையடித்து வைத்திருந்தேன். மெல்பேணிலிருந்து நாள் முழுக்கக் கார் ஓடி, மில்டூராவில் ஒரு இரவு படுத்தெழும்பி, காலையில் மண் றோட்டில் குலுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், அது மங்கோ தேசியப் பூங்கா. அங்கே இருந்த நீளமான மணல்மேட்டுக்கு யாரோ சீனச் சுவர் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏரி என்று காட்டிய இடத்தில் தண்ணீர் வற்றிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியிருந்தன. ஈக்கள் மட்டும் உண்மையாகவே இருந்தன.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அது இடம் பார்க்கப் போன பயணம் அல்ல, படம் எடுக்கப் போன பயணம். அம்மாவின் தங்கை, என் சித்தி, கல்யாணம் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நிரந்தர விசா கிடைக்க வேண்டுமென்றால், அவரும் சித்தப்பாவும் சேர்ந்து சந்தோஷமாக வாழ்கிறார்கள் என்று குடிவரவுக்காரருக்குக் காட்டவேண்டும். சித்தியோ ஒரு கிழமையாக எங்கள் வீட்டில், என் கட்டிலில் படுத்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்திருக்கிறார் என்று அம்மா சொன்னார். அதே நகரத்தில் பக்கத்து சபேர்பிலிருந்து யார் விடுமுறைக்கு வருவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. கதை சொல்ல ஆள் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

சித்தப்பா தன் காரில் தனியாக வந்து சேர்ந்தார். ஒரே நாளில் பல நாட்களைக் காட்டுவது அம்மாவின் யோசனை. ஒரு பை நிறையச் சித்தியின் உடுப்புகளும், சித்தப்பாவுக்கு மாற்ற அப்பாவின் சேர்ட்டுகளும் கொண்டுவந்திருந்தார். மரப்பாதையில் ஜீன்ஸ், மேட்டடியில் பஞ்சாபி, ஒரு காலத்தில் செம்மறிகளுக்கு மயிர் கத்தரித்த பழைய கொட்டகைக்கு முன்னால் காஞ்சிபுரம். தொப்பியும் கைத்தடியுமாக நடந்துபோன வெள்ளைக்காரர் ஒருவர், புதுத் தம்பதி என்று நினைத்து வாழ்த்திவிட்டுப் போனார். அப்பா அவருக்கு நன்றி சொன்னார்.

அந்த வெயிலிலும் எல்லாவற்றுக்கும் முழுக்கை. கழிப்பறையில் சித்தி உடுப்பு மாற்றும்போது பையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அவருடைய மேற்கையில் விரல் விரலாக ஊதாவும் மஞ்சளும் பதிந்திருந்தன.

"என்ன சித்தி இது?"

"கதவு அடிச்சது, பிள்ளை."

கதவுக்கு விரல் கிடையாது என்று ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவில்லை. கூட நின்ற அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சித்தியின் சட்டைக் கையை இழுத்துவிட்டுப் பொத்தானைப் போட்டார்.

"தம்பி, கொஞ்சம் கிட்ட நில்லும். தோளில கையைப் போடும்," என்று அப்பா கமராவுக்குப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். கை விழுந்ததும் சித்தியின் முகம் செத்துப்போகும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நான் அப்பாவின் பின்னால் நின்று கங்காரு மாதிரி குதிக்கவேண்டும். குதித்தேன். சித்தி வாய்விட்டுச் சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். அந்த மனிதருக்கு நல்ல அழகான சிரிப்பு, அதை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது. மத்தியானம் அம்மா புட்டும் கோழிக்கறியும் பரிமாறியபோது, நான் கேட்டுவைத்திருந்த கோழிக்கால் அவருடைய தட்டுக்குப் போனது. இரண்டாவதும் போனது.

பொழுது சாயும்போது மேடு முழுக்கச் சிவந்தது. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. படம் போதும் என்று அப்பா கமராவை உறையில் வைத்ததும், சித்தி வந்து எங்கள் காரின் பின்கதவைத் திறந்தார். அம்மா அதைச் சாத்தினார்.

"நீ அவரோட போ."

"நான் உங்களோட வாறன், அக்கா. படம் எடுத்தாச்சுத்தானே."

"படத்தை மட்டும் பாப்பினமே? வீட்டையும் வந்து விசாரிப்பினம். அவர் ஓம் எண்டு சொன்னாத்தான் உனக்கு விசா. திருப்பி அனுப்பினா அங்க உனக்கு ஆர் இருக்கினம்? கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு."

சித்தி அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்து டயரைப் பார்த்தார். டயரில் ஒரு பிழையும் இல்லை.

சித்தி போய் மற்றக் காரில் ஏறினார். அது புதுக் கார், நல்ல ஏசி. நானும் அதில் போகவேண்டும் என்று அழுது அம்மாவிடம் ஒரு அடி வாங்கினேன்.

சொன்னபடி சித்தி பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். விசா வந்தபோது அவருக்கு இடது காது கேட்காமல் போயிருந்தது.

நான் இப்போது பெண்களுக்கு உதவும் ஒரு நிலையத்தில் வேலை செய்கிறேன். சேர்ந்த புதிதிலேயே சொல்லித்தந்தார்கள்: இப்படி விசாவுக்காகக் காத்திருப்பவரைக் கணவன் அடித்தால், அவனை விட்டு விலகிய பிறகும் விசா கிடைக்க இந்த நாட்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. அன்றைக்கும் இருந்தது. சிரிப்பைக் காட்ட அவ்வளவு தூரம் போயிருக்கத் தேவையில்லை. பக்கத்துத் தெரு டாக்டரிடம் போய்க் கையைக் காட்டியிருக்கலாம்.

அம்மாவிடம் சொன்னேன். "எங்களுக்கு அதை ஆர் சொன்னது?" என்றார். யாரும் சொல்லவில்லைத்தான். யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால் கோயிலில் நாலு பேருக்குத் தெரிந்துவிடும்.

அன்று பூங்காவிலிருந்து திரும்பி வரும்போது, முன்னால் போன சித்தப்பாவின் கார் கிளப்பிய தூசியில் எங்களுக்குப் பாதையே தெரியவில்லை. சித்தி ஒருமுறைகூடத் திரும்பிக் கை காட்டவில்லை என்று எனக்குக் கோபம். பெரியவர்கள் எல்லாம் தெரிந்துதான் செய்வார்கள் என்ற நிம்மதியில், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பின்னால் காலை நீட்டிப் படுத்து நான் நித்திரையாகிவிட்டேன்.