அத்தை நின்ற துறை

தில்லை நகரில் இன்று சாலைக்குத் தார் ஊற்றினார்கள். அந்த வாடையில், ஆடிக்காற்றுக்குப் பாய் விரித்து, ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடத்தில் துறை துறையாக நின்று போகும் எங்கள் படகு ஞாபகம் வந்தது; அதன் அடிப்பலகைக்கும் தார்தான் பூசுவோம். துறையில் யார் துணியை உயர்த்தி ஆட்டினாலும் படகு நின்றாக வேண்டும் என்பது விதி. புகுந்த வீட்டில் அடி தாங்காத அத்தை, ஒருநாள் மூட்டையோடு நின்று முந்தானையை ஆட்டினாள்.

"உங்க தங்கச்சி கூப்பிடுறாங்க. கரை ஒதுக்கட்டுங்களா?" என்றார் படகோட்டி.

"துணி காயப்போடுறா. காத்து நல்லா இருக்கு, போங்க" என்றார் அப்பா.

விதி மீறப்படவில்லை, விளக்கம் மட்டும் மாறியது. அலுவலகத்தில் பிற்பாடு இதை நிறையப் பார்த்தேன். குறுக்கே வாய்க்கால் வரும்வரை அத்தை கரையோடு ஓடிவந்தாள். யாரும் துணி காட்டாத அடுத்த துறையில் படகை நிறுத்தச் சொல்லி, அப்பா நிதானமாக வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றார்.