தெள்ளுப்பூச்சித் தட்டுப்பாடு

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் எதற்குத்தான் தட்டுப்பாடு இல்லை? அரிசி இல்லை, சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கட்டத் துணி இல்லை. இதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஒரு சமயம் தெள்ளுப்பூச்சிக்கும் தட்டுப்பாடு வந்தது. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்போது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸ் வீடு ஒன்றில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து ஜனங்களை லோரி லோரியாக ஏற்றி அனுப்பிவிட்டு, ரயில்வேக்காரர்கள் பக்கம் திரும்பினார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் முதல் தடவையிலேயே போய்விட்டார். போனவர்களில் ஒருவரிடமிருந்தும் ஒரு தகவலும் கிடையாது. அடுத்த தடவை என் வீட்டுக்காரர் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். பேனாவைத் தவிர வேறு எதையும் தூக்கிப் பழகாத மனுஷர். மழையில் நனைந்தாலே காய்ச்சலில் படுப்பார். அவர் காட்டுக்குள் போனால் திரும்பமாட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கவலையோடு ஒரு நாள் காலையில் பின்வாசல் படியில் உட்கார்ந்து எங்கள் பூனைக்குத் தெள்ளு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வித்தை எனக்குச் சும்மா வரவில்லை. மண்ணெண்ணெய் தடவு என்றார்கள். விளக்குக்கே இல்லாததைப் பூனைக்குத் தடவ எனக்கென்ன பைத்தியமா, தோலும் வெந்து போகும். புகையிலை ஊறிய தண்ணீரைத் தெளித்தேன். பூனை அதை நக்கிவிட்டு வாயில் நுரை தள்ளி அரை நாள் கிடந்தது. அன்றோடு புகையிலைப் பேச்சை விட்டேன். வேப்பிலையை அவித்துக் குளிப்பாட்டினேன். தெள்ளு இருந்த இடத்திலேயே இருந்தது, பூனைதான் கூரைக்குப் போய்விட்டது. செம்பனை எண்ணெய் தடவிப் பார்த்ததில் பாயெல்லாம் மஞ்சள் கறை.

கடைசியில் சொன்ன பேச்சைக் கேட்டது என் பேன்சீப்பு ஒன்றுதான். கழுத்தடியிலும் வாலடியிலும் பொறுமையாக வார வேண்டும். சீப்பில் மாட்டியதை உடனே சாம்பல் கரைத்த தண்ணீரில் அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் குதித்து நம்மேலேயே ஏறும். பூனை படுக்கிற சாக்கை வெந்நீரில் போட வேண்டும், முட்டையெல்லாம் அதில்தான். விடாமல் செய்தால் ஒழிந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து, கோட்டர்ஸைச் சுற்றிப் பார்க்க வந்த ஜப்பானிய அதிகாரி என் படிக்கு எதிரே நின்றார். சயாமுக்கு யார் போவது என்று தீர்மானிக்கிற அதே ஆள். நான் எழுந்து குனிந்து வணக்கம் போட்டேன். அவர் கண் என்மேல் இல்லை, சீப்பின்மேல் இருந்தது. முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டிருந்தார்; உள்ளே எங்கேயோ அரிக்கிறது, கையை விட வழியில்லாமல் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மலாய் என் மலாயைவிட மோசம். தன் வீட்டிலும் ஒரு பூனை இருக்கிறது, தெள்ளு தாங்க முடியவில்லை, இந்த வேலையை உனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒருவாறு கேட்டார்.

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லி எனக்கென்ன லாபம்? அவர் பிடித்துக்கொண்டு போக இருப்பது என்னை இல்லையே. என் வீட்டுக்காரர்தான் கற்றுக்கொடுத்தார், அவர் பெரிய பூனை டாக்டர் என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று எனக்கே தெரிந்தது. டாக்டரைத் தன் வீட்டுக்குக் கூட்டிவரச் சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன்டி, எனக்குப் பூனைன்னாலே தும்மல் வரும்னு உனக்குத் தெரியாதா?"

"சயாம்ல பூனை இல்லீங்க. தும்மல் வராது. போறீங்களா?"

அவர் எழுந்து பெட்டியில் கோட்டைத் தேடினார்.

பங்சார் போகிற மேட்டில் வெள்ளைக்காரன் விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் அதிகாரி இருந்தார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு டாக்டர் முன்னே நடக்க, சட்டியும் சீப்புமாக நான் பின்னே போனேன். அதிகாரியின் பூனைக்கு வால் கட்டைவிரல் நீளம்தான். ஜப்பானில் பூனைக்கு வால் அப்படித்தானாம், அதனால் அது தன் ஊர்ப் பூனை என்று அவருக்குப் பெருமை. எங்கள் பக்கத்துப் பூனைகளில் பாதிக்கு வால் அவ்வளவுதான் என்று நான் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையைப் போல அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பூட்ஸ் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார், கொசுவத்திப் புகை காட்டியிருக்கிறார், தைலம்கூடத் தடவியிருக்கிறார். தெள்ளுக்கு இதெல்லாம் உபசாரம்.

என் வீட்டுக்காரர் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, "லெஃப்ட் சைட்... ரைட் சைட்" என்று எனக்கு உத்தரவு போட்டார். பூனையை அவர் தொடவே இல்லை. பெரிய டாக்டர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அதிகாரி அவருக்கு மட்டும் தேநீர் கொடுத்தார். சயாம் பேச்சை எடுக்கவில்லை. வாரா வாரம் வரச் சொன்னார்.

நானோ எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். அழுத்தி வாரினேன், அது படுக்கிற மெத்தையை வெந்நீரில் போட்டேன், தரையைச் சாம்பல் போட்டுத் துடைத்தேன். கொஞ்ச வாரத்தில் பூனைமேல் மருந்துக்கு ஒரு தெள்ளு இல்லை. அதிகாரி அதன் வயிற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "பாகுஸ், பாகுஸ்" என்று மெச்சினார். பிறகு அதே சந்தோஷத்தோடு, பூனை குணமாகிவிட்டது, டாக்டர் இனி சயாமுக்குப் போகலாம் என்றார்.

திரும்பி நடக்கையில் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். என் சுத்தத்தில் தீயை வைக்க. மறுபடியும் அந்தப் பூனைக்குத் தெள்ளு வந்தாக வேண்டும். வீட்டுக்கு வந்து எங்கள் பூனையைப் பிடித்துத் தேடினேன். அதையும் நானே சுத்தமாக வாரி வைத்திருந்தேன். ஊரில் காசு கொடுத்தாலும் கிடைக்காத சாமான்களோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு பூனை இருந்தது. புருஷன் போன பிறகு அதைக் கவனிக்க அவளுக்கு மனசில்லை. பால் டின் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, உங்க பூனையக் கொஞ்சம் வாரிக்கிறேன்."

"எதுக்குடி?"

"தெள்ளு வேணும்."

"அரிசி கேட்டு வருவாங்க, சீனி கேட்டு வருவாங்க. தெள்ளு கேட்டு வந்தவ நீ ஒருத்திதான் லா," என்று சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அன்றுதான் சிரித்தாள். நான் காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பூனையைப் பிடித்து, நான்கு காலையும் அமுக்கிக்கொண்டு, "வாரிக்க. வேணுங்கிற மட்டும் வாரிக்க," என்றாள்.

டின்னுக்குத் துணி கட்டி, என் வீட்டுக்காரர் கோட்டுக்குள் வைத்தேன். மறந்துபோன சீப்பை எடுக்க வந்ததாகச் சொல்ல ஏற்பாடு. நானும் கூடவே போனேன். மேடு ஏறுவதற்குள் துணி நழுவிவிட்டது. பாதித் தெள்ளு அவர் சட்டைக்குள் இறங்கிவிட்டது. மிச்சத்தோடு டின்னை வாசலிலேயே நான் வாங்கிக்கொண்டேன். அதிகாரி எதிரே உட்கார வைத்துத் தேநீர் கொடுக்கிறார். இவர் சொறிய முடியாமல் கல்லாக உட்கார்ந்திருக்கிறார், கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டுகிறது. பூனையைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து அதிகாரி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். தட்டின தட்டில் மிச்சமும் கலைந்திருக்கும். சீப்பைத் தேடுகிற சாக்கில் நான் அதற்குள் டின்னைப் பூனை மெத்தையில் கவிழ்த்துவிட்டேன். அடுத்த வாரமே ஆள் வந்தது, டாக்டரைக் கூட்டிவரச் சொல்லி.

அப்படியே மாசக்கணக்கில் ஓட்டினோம். வாரி எடுப்பதும் நான், கொண்டுபோய் விடுவதும் நான். அதிகமாகவும் விடக்கூடாது, டாக்டர் கெட்டிக்காரர் இல்லை என்று ஆகிவிடும். சோற்றுக்கு உப்புப் போடுவதைவிட நிதானமாகப் பார்த்துப் போட்டேன்.

ஒரு நாள் அதிகாரி முகமெல்லாம் பல்லாக வரவேற்றார். தனக்கு மாற்றல், சயாமுக்கே போகிறாராம். பூனையும் வருகிறது, அங்கே காட்டில் தெள்ளு அதிகம், அதனால் டாக்டரும் கூட வருகிறார் என்றார். பூனையை வீட்டுக்குக் கொண்டுபோய் நன்றாக வாரி, காலையில் கூடையில் வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. எந்தப் பூனையைக் காட்டிப் புருஷனைக் காப்பாற்றினேனோ, அதுவே அவரை இழுத்துக்கொண்டு போகிறது. நான் அக்காவிடம் போய் வாய்விட்டு அழுதேன்.

"பூனைய எங்கடி வச்சிருக்க?" என்று மட்டும் கேட்டாள்.

அடுப்படியில், கூடையில் என்றேன்.

காலையில் கூடை கட்டின கட்டு அப்படியே இருந்தது. இருந்த கவலையில் திறந்து பார்க்காமல் தூக்கிக்கொண்டு போனோம். ஸ்டேஷனில் அதிகாரி ஆசையாகத் திறந்தார். உள்ளே சாக்கைத் தவிர ஒன்றுமில்லை. நம்பமாட்டாமல் கையை விட்டுத் துழாவினார். பளீர் பளீரென்று என் வீட்டுக்காரர் கன்னத்தில் இரண்டு விழுந்தது. பிறகு அந்த மனுஷர், இடுப்பில் வாளோடு, மூட்டைகளுக்கு நடுவே மண்டி போட்டு "ச்சு ச்சு" என்று தேடினார். பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. ரயில் ஊதியது. பூனை இல்லாமல் பூனை டாக்டர் எனக்கு எதற்கு என்று கூடையை எட்டி உதைத்துவிட்டு ஏறிக்கொண்டார். சயாமுக்குப் பதில் இரண்டு அறை என்றால் மலிவுதான். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து சயாமுக்கு யாரையும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால், அக்கா தன் பின்வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் அந்தக் கட்டைவால் பூனை, சொகுசாகத் தூங்குகிறது.

"ஏங்க்கா என்கிட்ட சொல்லல? அங்க நான் செத்துப் பொழச்சேன்."

"சொன்னா உன் மூஞ்சில தெரிஞ்சிருக்கும். அவன் கண்டுபிடிச்சிருப்பான்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் கன்னம் வீங்கி நின்ற என் வீட்டுக்காரர் பூனையைப் பார்த்ததும் தும்மினார். அக்கா அவரைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு போறப்ப எனக்கு இந்த மாதிரி ஒண்ணுமே தோணலடி," என்றாள். "சோறு கட்டிக் குடுத்து அனுப்பிட்டேன்."