சக்கை முள்

பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒரு சக்கையை, அதாவது பலாப்பழத்தைப் பிளந்து பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அந்தச் சிற்பத்தைத் தொடங்கினேன். கம்பிவலையும் சிமெண்டும். வெளியே முழுக்க முள். உள்ளே, கைக்குழந்தை சுருண்டு படுக்கிற அளவுக்கு வழவழப்பான ஒரு குழி. சிற்பம் படித்ததற்கு நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

நாகர்கோவிலில் ஒரு கண்காட்சிக்கு அதைக் கேட்டிருந்தார்கள். வண்டி வருகிற அன்று காலையில் பார்த்தால் வைத்த இடத்தில் இல்லை. அண்ணாந்து பார்த்தேன். மாடி எடுக்கிற வேலை நடந்துகொண்டிருந்த எங்கள் வீட்டின் புதுச்சுவர் உச்சியில் இருந்தது. குழிக்குள் உருட்டுக் கண்கள், கோரைப்பல், தொங்கும் சிவப்பு நாக்கு. முந்தின நாள் பிள்ளைக்கு ஊசி போட நான் போயிருந்த நேரத்தில், மாமியார் கொத்தனாரிடம் சொல்லி வரையவைத்திருக்கிறார்.

உள்ளே கிடக்கிற பிள்ளைக்கு முள்ளே காவலென்றுதானே அதைச் செய்தேன். அதற்கு முகம் எதற்கு? இறக்கச் சொன்னேன். கொத்தனார் மாமியாரைப் பார்த்தார். மாமியார் என் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தார்.

"கண்ணேறுக்கு வச்சத எறக்கப்பிடாது மக்களே. பிள்ளைக்கு ஒண்ணுன்னா நீதான் பதில் சொல்லணும்."

இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டேன். லேசாகச் சுட்டது. ஊசி போட்ட சூடு, நர்ஸ் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். மறுபடியும் தொட்டேன். மாமியார்மேல் இருந்த கோபத்தைவிட அந்தக் கைமேல் எனக்குக் கோபம் வந்தது.

முக்குக் கடைக்குப் போய் திருஷ்டிக்குக் கட்டுகிற வெள்ளைப் பூசணி, எங்கள் ஊர்த் தடியங்காய், ஒன்று வாங்கி வந்தேன். கொத்தனாரின் பெயிண்டையே வாங்கி அதில் முகம் வரைந்தேன். ஆத்திரத்தில் வரைந்தும் ஒரு கோடு பிசகவில்லை. இமைக்கு நிழல்கூட வைத்தேன். முதலில் அதைக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் என்னுடையதை இறக்கவிட்டேன். அந்த வரிசை மாறிவிடக் கூடாதென்று நானே கீழே நின்று சொல்லிக்கொண்டிருந்தேன், வெட்கமில்லாமல்.

தின்னரில் துணியை நனைத்துக் குழியைத் தேய்த்தேன். கண்ணும் பல்லும் போய்விட்டன. நாக்கின் சிவப்பு சிமெண்டுக்குள் இறங்கியிருந்தது.

மாமியார் மேலே தொங்கிய தடியங்காயை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுல்லா மக்களே செலை. முந்தியே இப்பிடி ஒண்ணு செஞ்சிருக்கப்பிடாதா?"

வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது. நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.