சோபே வைத்த சட்டம்

தனிநாடு கேட்கிற பையன்கள் வைத்த சட்டம் அது: திங்கட்கிழமை கடை திறக்காதே, வண்டி ஓட்டாதே, வீட்டில் உட்கார். ஐந்து வருஷமாக நுசுக்கா ஊர்ப் பக்கம் அன்றைக்கு ஈ காக்கை கிடையாது. பள்ளிக்கூடம் வாரம் நாலே நாள். லாகோஸ் பட்டணத்து வியாபாரிகள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. பேருந்து நிலையத்தில் ஒக்பா என்கிற பயற்று மாவை அவித்து விற்ற நுவானியெகேவுக்கு வாரத்தின் கொழுத்த வியாபார நாளே திங்கள்தான். அதில் மண் விழுந்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை புருஷன் ஒன்யேமாவுக்கு நெஞ்சுவலி. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினாள். முச்சந்தியில் துப்பாக்கியோடு வழிமறித்த அந்தக் கூட்டத்துப் பையன் வேற்றாள் அல்ல, அவள் பிறந்த வீட்டுப் பங்காளி மகன் சோபே.

"அத்தை, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிடாது" என்று சொல்லி டயரைச் சுட்டான்.

உச்சிப்பொழுதுக்குள் மனுஷன் ஆட்டோவிலேயே போய்விட்டார். பாவிப்பயல்! குழந்தையில் அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டவள் இவள். தன் நேரம் வரட்டும் என்று காத்திருந்தாள்.

மறுவருஷம் சோபேயின் அம்மா செத்தாள். அந்தக் குடும்பத்தில் பிறந்த பெண்கள் வந்து பாடாமல் எந்தப் பிணமும் மண்ணுக்குள் போகாது. போனால் குடும்பத்துக்குத் தீராத அவமானம். அந்தப் பெண்களுக்கெல்லாம் மூத்தவள் நுவானியெகே. பெரியவர்கள் வழக்கம்போல நாலே நாள் கொண்ட சந்தை வாரக் கணக்கில் அஃபோ என்கிற நாளைக் குறித்தார்கள். அது திங்கட்கிழமையில் விழுவதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். "நல்ல நாள்தான்" என்று தலையாட்டினாள்.

பெண்கள் ஞாயிறன்றே வந்து அவள் வீட்டில் இறங்கிவிட்டார்கள். திங்கள் காலை மாடு அறுத்தாகிவிட்டது, பெட்டி முற்றத்துக்கு வந்துவிட்டது. பாட ஆளில்லை. சோபே அவள் வீட்டுக்கு ஓடி வந்தான். உள்ளே பெண்கள் பதினேழு பேரும் குழம்புக்கு எகுசி விதை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, எல்லாரும் காத்திருக்காங்க. வாங்க!"

"ஐயையோ, திங்கட்கிழமை வெளிய வந்தா சுட்டுடுவாங்களாமே" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள்.

"இன்னைக்கு மட்டும் நான் அனுமதி குடுத்துட்டேன்."

"நீ யாருடா குடுக்க?" என்றாள் நுவானியெகே. "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

அவன் காலில் விழுந்தான். "எங்கம்மா உங்களுக்கு என்ன பண்ணினா அத்தை?"

"ஒண்ணும் பண்ணல. நல்லவ. என் புருஷன் உனக்கு என்ன பண்ணினாரு?"

அவள் இன்னொரு கைப்பிடி விதையை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் நெஞ்சு குளிர்ந்தது.

"நாளைக்கு வர்றோம், போ" என்றாள். "உங்கம்மா எங்கயும் ஓடிட மாட்டா."